மூன்றாம் வரைவு

ஆம்பூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய
காலணித் தொழிற்சாலையின் மாடியறையில்
ஜெர்மன்காரர்களுக்கு ஆங்கிலம் எழுதுவது என் வேலை.
தோலின் நிறம் சற்றே மங்கியதற்கு மன்னிப்பு,
கப்பல் தவறியதற்கு மன்னிப்பு,
ஒரு பெட்டியில் இரண்டும் இடதுகால் ஆனதற்கு மன்னிப்பு.
பதினோரு வருடத்தில்
ரத்தத்தைப் பற்றி எழுதச் சொன்னது இதுதான் முதல்.

அவசரத்தில் இப்படித் தொடங்கினேன்:
இஃப் தி கார்ட் வுட் ஹேவ் பீன் ஃபிட்டட்.
திரை கோடு போட்டது.
இஃப் பக்கத்தில் வுட் உட்காரக் கூடாது;
வாணியம்பாடிக் கல்லூரியில் ஸ்டெல்லா மிஸ்
இதற்கே நாலு மார்க் குறைத்தார்.
ஹேட் இந்த வீட்டில், வுட் ஹேவ் எதிர்வீட்டில்,
நடுவில் ஒரு காற்புள்ளி, தெருமாதிரி.
மாற்றிக் குடிவைத்தேன். கோடு மறைந்தது.

தடுப்பு பொருத்தப்பட்டிருந்தால்
பூவரசன் வலது கையில் இரண்டு விரலை
இழந்திருக்க மாட்டார்.

முனிரத்தினம் சார் மூட்டுவலியோடு மாடியேறி வந்து படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
டீ சொன்னார், எனக்கும் சேர்த்து.
"தப்பு ஒண்ணும் இல்லம்மா.
காலம்தான் கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு.
முன்னாடி கொண்டு வாங்க.
தடுப்பு பொருத்தினால்
தொழிலாளர்கள் பாதுகாப்பாக இருப்பார்கள்.
பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு."

நல்லாத்தான் இருந்தது.
ஹேட் வெளியே போனதும்
கிளிக்கிங் பிரஸ்ஸைக் கழுவித் துடைத்தாயிற்று.
அதிகாலை நாலரை மணி போயிற்று,
மேசைக்கடியில் குனிந்து தேடியவர்கள் போனார்கள்.
வில் வந்து நின்றது
புதுச் சீருடையில், ரிப்பன் வெட்ட.

அன்றிரவு பேர்ணாம்பட்டு பஸ்ஸில்
தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.
நாளை மழை பெய்தால்.
நாளை அவன் வந்தால்.
பெய்த், வந்த்:
இவை நேற்றின் துண்டுகள் அல்லவா,
நாளைக்குள் எப்படி நுழைந்தன?
நாற்பத்து நாலு வருடம் பேசிய வாய்
இன்றுதான் நாக்கில் நெருடி உணர்கிறது:
எங்கள் ஒவ்வோர் 'ஆல்' முன்னாலும்
நடந்து முடிந்த ஏதோ ஒன்று
மடங்கிக் கிடக்கிறது.
கண்டக்டர் இரண்டு முறை சில்லறை கேட்டார்.

வியாழக்கிழமை பூவரசன் கையெழுத்துப் போட வந்தான்.
வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டு,
ஓரத்தில் மஞ்சள் மருந்து.
இருபத்தாறு வயது.
இடது கையில் பேனா
யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்னது போல் இருந்தது.
"இன்னாக்கா எழுதிகீற, படி."

இரண்டையும் தமிழாக்கிப் படித்தேன்.
பொருத்தினால் என்றதற்குச் சிரித்தான்.
பொருத்தியிருந்தால் என்றதும்
கட்டைப் பார்த்துக்கொண்டான்.
"இருந்தா, இருந்தான்னு ஏன்க்கா இழுக்கற?
பொருத்தல.
மார்ச் மாசமே கேட்டேன். பொருத்தல.
அத்த எழுது."

விசைப்பலகையில் விரல்களை வைத்தேன், பத்தையும்.
தி கார்ட் வாஸ் நாட் ஃபிட்டட்.
ஹீ ஆஸ்க்ட் இன் மார்ச்.
இஃப் இல்லாவிட்டால் ஒரு வாக்கியம்
இவ்வளவு சின்னதா?
கோடு ஏதும் வரவில்லை.
ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு இதில் வேலையே இல்லை.

அவன் இடது கையால்
கோணல்மாணலாய்ப் பெயரைப் போட்டு முடிக்கும்போது
மாடிப்படியில் சத்தம்.
பதினாறு படி.
எட்டாவதில் நின்று மூச்சு வாங்குகிறார் சார்.
அவர் வந்துவிட்டால், என்று தொடங்கி
அந்த வாக்கியத்தை
அங்கேயே விட்டேன்.